மாத்திரை இலவசம், விடுப்பு எங்கே?

குப்பையில் கிடக்கும் ஊசி நம் மக்களின் கையில்தான் குத்துகிறது. ஹெபடைட்டிஸ் பி இப்படியும் தொற்றும். நாள்பட்ட தொற்றை டெனோஃபோவிர் மாத்திரை அடக்கி வைக்கும், பெரும்பாலும் ஒழிக்காது. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும், ஈரல் செயலிழக்கலாம். சிறுநீரகப் பரிசோதனையையும் தவறவிடக் கூடாது.

2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரை இலவசம். மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாளுக்குக் கூலி யார் தருவார்?

2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ராயபுரம் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. பணிநிரந்தரம் இல்லாதவருக்கு விடுப்பு ஏது? விடுப்பு இல்லாதவருக்கு மருத்துவம் ஏது?

தோழர்களே, 'மாத்திரையை நிறுத்தாதே' என்று தொழிலாளிக்குப் புத்தி சொன்னால் போதாது. அரசிடம் கேட்போம்: தடுப்பூசி, கையுறை, பணிநிரந்தரம், சம்பளத்தோடு விடுப்பு.