எவ்வளவு இழுக்கும்?

ரொறன்ரோ நகரில் வாழும் என் பெறாமகன் 1997ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட போர்ட் ரேஞ்சர் என்னும் சிறிய பிக்கப் வண்டியொன்றை மலிவாக வாங்கியிருக்கிறான். கோடை விடுமுறையில் மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் ஏற்றி, படுக்கை வசதியுள்ள இழுவண்டியொன்றைப் பின்னாற் கொளுவிக்கொண்டு, ஏரிக்கரைக்குச் செல்ல உத்தேசமாம். “சித்தப்பா, இது எவ்வளவு பாரம் இழுக்கும்? இதே வண்டி வைத்திருக்கும் நண்பர் ஓர் எண் சொன்னார், அதை நம்பலாமா?” என்று கேட்டான்.

நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது அவருடைய வண்டியின் எண். ஒரே பெயரும் ஒரே ஆண்டும் உடைய வண்டிகளுக்கும் இழுவைத்திறன் ஒன்றாயிராது. எஞ்சின், கியர்ப்பெட்டி, பின்னச்சின் பற்சக்கர விகிதம் ஆகிய மூன்றுக்கும் ஏற்ப அது மாறும். சாரதியின் கதவோரத்து முத்திரைத் தாளில் அச்சின் குறியீடு இருக்கும். அதை வண்டியின் கைநூலிலுள்ள அட்டவணையோடு பொருத்திப் பார்த்தாலே உண்மையான எண் கிடைக்கும்.

அக்காலத்து எண்களைக் கம்பனிகள் தத்தம் முறைப்படி கணித்தன. அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் பொதுவான அளவுமுறையொன்றை 2008இலேதான் வெளியிட்டது. ஆகவே பழைய வண்டியின் எண்ணைப் புதிய வண்டியின் எண்ணோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

அட்டவணை எண்ணும் முழு எண்ணன்று. பெரும்பாலும் சாரதி ஒருவர் மட்டும் இருக்கிறார் என்று கொண்டே அது கணிக்கப்படுகிறது. ஓர் உதாரணம்: வண்டியும் இழுவண்டியும் அவற்றிலுள்ள யாவும் சேர்ந்து 6,000 இறாத்தலைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். வெறும் வண்டி 3,100, சாரதி 150, எஞ்சுவது 2,750. இதுவே அட்டவணையிற் காணும் எண். ஆனால் குடும்பமும் சாமான்களும் சேர்ந்து 800 இறாத்தலாயின், எஞ்சுவது 2,100 மட்டுமே. குறைந்த 650 இறாத்தலும் நம் வீட்டார் நிறையும் பெட்டிகளின் நிறையுமே!

இன்னுமொன்று: இழுவண்டியின் நிறையில் 10 முதல் 15 வீதம் வரை கொளுவியின்மேல் அமர வேண்டும். 2,100 இறாத்தலுக்கு அது 210 முதல் 315 வரையாகும். அந்தச் சுமை பிக்கப்பின் முதுகிலேயே ஏறுகிறது. அதற்குப் பயந்து சாமான்களைப் பின்னே தள்ளி அடுக்கினால், ஓடும்போது இழுவண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். கொளுவிக்கும் அதன் குமிழுக்கும் தனித்தனி எல்லைகள் உள. எல்லா எல்லைகளிலும் சிறியது எதுவோ, அதுவே வண்டியின் எல்லை. மயிலிறகும் அளவு மிஞ்சினால் அச்சை முறிக்குமென்று வள்ளுவர் சொன்னது வண்டிக்காரர் எல்லாருக்குமே.

கம்பனி சொன்ன எண் புது வண்டிக்குரியது என்பதையும் மறத்தலாகாது. வயது சென்ற வில்லும் ரயரும் பிறேக்குக் குழாயும் ரேடியேற்றரும் அந்த எண்ணை அறியா. மேட்டில் இழுக்க முடியாத வண்டி நின்றுவிடும். பள்ளத்தில் நிறுத்த முடியாத வண்டியோ நிற்காது. ஒன்ராறியோச் சட்டம் 1,360 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறையுள்ள இழுவண்டிக்குத் தனிப் பிறேக் வேண்டும் என்கிறது. பழைய சிறு வண்டியாயின், அந்த அளவு வராவிடினும் தனிப் பிறேக் இருப்பது நன்று.

“தம்பி, குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு தராசு மேடைக்குப் போய் நிறுத்துப் பார். மிச்சமுள்ளதில் ஐந்திலொன்றைக் கழித்துவிட்டு, அதற்கேற்ற இழுவண்டியைத் தேடு” என்று எழுதினேன். நிறுத்துப் பார்த்தானாம். படுக்கை வண்டியைக் கைவிட்டு, ஒரு சிறிய பெட்டி வண்டியும் துணிக் கூடாரமும் எடுத்திருக்கிறான். பிள்ளைகளுக்குக் கூடாரந்தான் அதிகம் பிடித்திருக்கிறதாம்.