மாமாவின் இரண்டாவது ஸ்கேன்

சிலிபினில் எங்கள் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி ஒரு மாமா இருக்கிறார். தோட்டத்தில் பால் வெட்டிய பழக்கம், டவுனுக்கு வந்து முப்பது வருஷமாகியும் விடியற்காலை ஐந்துக்கு விழித்துவிடுவார். என் காலை நிகழ்ச்சிக்கு முதல் நேயர் அவர்தான்.

இரண்டரை வருஷத்துக்கு முன் அவருக்கு மலக்குடலில் புற்றுநோய். ரேடியேஷன், கீமோ, பிறகு ஆபரேஷன், வயிற்றில் பை. தேறிவிட்டார் என்றுதான் நினைத்தோம். அண்மையில் உட்காரும் இடத்தில் வலி, கால்வரை இழுத்தது. மனிதர் தைலம் தேய்த்தே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டார். ஸ்கேனில் நோய் திரும்பியிருந்தது.

“ரேடியேஷன்தான் வச்சாச்சே, இனி என்ன இருக்கு பாப்பா?” என்றார்.

இருக்கிறது மாமா. இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்துக்குள் திரும்பும். அதனால்தான் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் விடாமல் வரச் சொல்கிறார்கள். திரும்பியது இடுப்புக்குள் மட்டுமா, கல்லீரல், நுரையீரலுக்கும் போய்விட்டதா என்பதுதான் முதல் கேள்வி. கல்லீரலில் ஒன்றிரண்டு கட்டிகள் என்றால்கூட சிலருக்கு வெட்டி எடுக்க முடிகிறது.

இடுப்போடு நின்றிருந்தால், ஓரத்தில் ஒரு துளி மிஞ்சாமல் எடுக்கப் பார்ப்பார்கள். சிலருக்கு மூத்திரப்பை, கர்ப்பப்பை, வால் எலும்பின் ஒரு பகுதி என்று சேர்த்தே எடுக்க வேண்டிவரும். நாள் முழுக்க நீளக்கூடிய ஆபரேஷன் அது. நியூயார்க்கில் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் 1948-இல் இதைப் பற்றி எழுதியபோது, செய்த 22 பேரில் 5 பேர் ஆபரேஷனைத் தாங்காமல் இறந்திருந்தார்கள். இன்று அனுபவமுள்ள இடங்களில் அந்த ஆபத்து நூற்றுக்குச் சிலர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் செய்வதில்லை. ஈப்போவிலிருந்து வெளியூர் போகச் சொன்னாலும் சொல்வார்கள்.

ரேடியேஷனும் ஒரு தடவையோடு முடிந்துவிடுவதில்லை. முதல் முறை 45 முதல் 50 கிரே கொடுத்திருப்பார்கள். இரண்டாவது முறை இடத்தைச் சுருக்கி, 30 முதல் 40 கிரே வரை, பெரும்பாலும் நாளுக்கு இரண்டு வேளையாகச் சிறு சிறு அளவில் கொடுப்பதுண்டு. குடலும் நரம்பும் ஏற்கெனவே அடி வாங்கியவை என்பதால் எல்லாருக்கும் சரிவராது. அறுவை மருத்துவர், ரேடியேஷன் மருத்துவர், ஸ்கேன் பார்ப்பவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை.

எடுக்க முடியாத நிலையும் உண்டு. அப்போதும் கீமோ உண்டு, வலிக்கு நல்ல மருந்து உண்டு. பேராக் பேலியேட்டிவ் கேர் சொசைட்டி இங்கே ஈப்போவில்தான் இருக்கிறது. மாமாவிடம் இதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் மகனுக்கு நாற்பது. அப்பாவுக்கு வந்திருப்பதால் அவனும் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தான். “முதல்ல இவன கூட்டிக்கிட்டுப் போ” என்றார் மாமா.

வரும் வியாழன் மருத்துவர்கள் கூடிப் பேசிய முடிவைச் சொல்கிறார்கள். அன்று காலை எந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.