படம் திக்கினால் பெட்டியை மாற்ற வேண்டுமா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பல வீட்டு பீரோக்களில் பட்டுப்புடவைக்கு அடியில் நாலைந்து டிவிடி தட்டுகள் இருக்கும். அக்கா கல்யாணம், தம்பி காதுகுத்து, வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர். வீடியோக்காரர் அந்தக் காலத்தில் எடுத்துக் கொடுத்தவை. தட்டு ஓட்டும் பிளேயர் எப்போதோ பழுதாகியிருக்கும். அதனால் வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை அந்தத் தட்டுகளை அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாக வன்தட்டில் ஏற்றி, டிவியோடு இணைத்த பெட்டியில் 'கோடி' மென்பொருளைப் போட்டு ஓட்டுகிறது. (பெயர்தான் கோடி, விலை இலவசம். எக்ஸ்பிஎம்சி என்று இருந்த மென்பொருளுக்கு 2014ல் வைத்த பெயர் இது.)

சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் படம் திக்கும். உடனே ஆளுக்கொரு யோசனை. "பெட்டி பழசு, புதுசா வாங்கு" என்பார் ஒருவர். "எல்லாத்தையும் எம்பி4 ஆக்கிச் சுருக்கிட்டு, பழசை அழிச்சிடு" என்பார் இன்னொருவர். முதல் யோசனை பணத்துக்கு நஷ்டம். இரண்டாவது அதைவிட மோசம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சாதாரண டிவிடி தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. அதில் இரண்டு மணி நேரப் படம் இருந்தால் விநாடிக்குச் சராசரியாக 5 மெகாபிட்தான் வருகிறது. டிவிடி முறையில் அதிகபட்சமே சுமார் 10 மெகாபிட். பழைய யுஎஸ்பி 2.0 கேபிள்கூட இதைப்போலப் பல மடங்கு தாங்கும். ஆகவே கல்யாண டிவிடி திக்குகிறது என்றால் பெட்டிக்குச் சக்தி போதவில்லை என்று உடனே சொல்லிவிட முடியாது. ப்ளூரே தட்டு என்றால் கதை வேறு. அது விநாடிக்கு 40 மெகாபிட்டைத் தொடும். அங்கே பழைய பெட்டி தோற்பது உண்மைதான்.

தேர் நகராவிட்டால் வடம் பிடிப்பவர்களை மட்டும் யாரும் திட்டுவதில்லை. சக்கரத்தையும் தெருவையும் முட்டுக்கட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இங்கேயும் அதே முறைதான். திக்கும் அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, அதைப் பெட்டியிலேயே நேராகச் செருகி ஓட்டிப் பாருங்கள். (எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும்.) மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒன்று, படம் சுத்தமாக ஓடும். அப்படியானால் கோளாறு வழியில் இருக்கிறது. பெரும்பாலும் வைஃபைதான். கணினி ஓர் அறையிலும் டிவி இரண்டு சுவர் தள்ளியும் இருந்தால் அலைவரிசை பாதியில் செத்துவிடும். புதுப் பெட்டி வாங்குகிற காசில் சின்னப் பங்குக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் கிடைக்கும்.

இரண்டு, அப்போதும் திக்கும். இப்போதுதான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஊர் டிவிடி படம் பால் முறை. விநாடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும். பாதிகளைச் சேர்க்கும் வேலையை (டீஇன்டர்லேஸ்) உயர்தர முறையில் வைத்திருந்தால் சின்ன பிராசசர் மூச்சு வாங்கும். அமைப்பில் அதை எளிய முறைக்கு மாற்றிப் பாருங்கள். மெனுவில் மட்டும் மாட்டிக்கொண்டு படம் நன்றாக ஓடினால், மேக்எம்கேவி போன்ற மென்பொருளால் படத்தை மட்டும் எம்கேவி கோப்பாகப் பிரித்தெடுக்கலாம். இது சுருக்குவது அல்ல, உறையை மட்டும் மாற்றுவது. தரம் துளியும் குறையாது.

மூன்று, நகலெடுக்கும்போதே எங்காவது நின்றுவிடும். இதுதான் கவலைப்பட வேண்டிய இடம். வன்தட்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தோற்கிறது என்று அர்த்தம். படம் திக்கியது அதனால்தான். இந்த நிலையில் புதுப் பெட்டி வாங்கி அதே வன்தட்டைச் செருகினால் என்ன பயன்? முதலில் படிக்க முடிகிற மற்ற கோப்புகளையெல்லாம் வேறு வன்தட்டுக்கு மாற்ற வேண்டும். பழுதான பகுதியை டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருளால் கடைசியாக முயலலாம். பீரோவில் அசல் தட்டு இருந்தால் அதிலிருந்து மறுபடி ஏற்றலாம். ஆனால் வீட்டில் எழுதிய டிவிடி தட்டின் பதிவு ஒரு சாயப் பூச்சில்தான் இருக்கிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும். நம் கடலோரக் காற்றில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை.

பாகூரில் கிடைத்த நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததை இன்றும் அதில் படிக்க முடிகிறது. நம் தட்டுக்கு அந்த ஆயுள் கிடையாது. மறுபடி மறுபடி நகலெடுப்பதுதான் ஒரே வழி.

சுருக்கி அழிக்கும் யோசனை இதனால்தான் தவறு. செல்போனில் பார்க்க ஒரு சின்ன நகல் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் சுருக்கும்போது போன நுணுக்கம் திரும்பி வராது. நாளைக்கு நல்ல மென்பொருள் வந்து படத்தைத் தெளிவாக்க நினைத்தாலும் அசல் கையில் இருக்க வேண்டும். 4.7 ஜிபி இன்றைய வன்தட்டில் பெரிய இடமே இல்லை. 1 டெராபைட் வன்தட்டில் இருநூறு கல்யாணங்கள் அடங்கும்!

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டிக்குத் தேய்மானம் போடலாம், ஆயுள் முடிந்தால் வேறு வாங்கலாம். மணவறைக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கும், இன்று இல்லாத பாட்டியை எந்தக் கடையில் வாங்குவது? அடுத்த முறை படம் திக்கினால் கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அதை வேறொரு வீட்டில், சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.