நாயை மறித்தால் ஆளையே மறித்ததாகும்

பொதுமக்கள் போய்வரும் எந்தக் கட்டடத்திலும் இடத்திலும், உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. மந்திகை வைத்தியசாலையும் பருத்தித்துறைச் சந்தையும் பஸ் நிலையமும் இதற்குள் அடங்கும். ஆனால் கண் தெரியாத ஒருவர் வழிகாட்டி நாயோடு வந்தால் வாசலில் என்ன நடக்கும்? "நாயை உள்ளே விடேலாது" என்பார்கள். நாயைப் பார்த்துச் சொன்னாலும், திரும்பிப் போகவேண்டியவர் அந்த மனிதர்தான். ஆகவே உதவி நாயை மறிப்பதும் 23ஆம் பிரிவு தடுக்கும் பாகுபாடே என்பது எமது நிலைப்பாடு. அதைச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

லண்டனில் டாக்சிச் சாரதி ஒருவர், மருத்துவக் காரணத்துக்காக விலக்குப் பெற்றிருந்தாலொழிய, உதவி நாயை ஏற்ற மறுக்க முடியாது. மேலதிகக் கட்டணமும் கேட்க முடியாது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அங்கே அந்த உரிமையோடு வாழும் எம்மவர் ஒருவர் வல்லிபுர ஆழ்வார் கோயில் கடல் தீர்த்தத்துக்கு ஊர் வந்தால், அந்த உரிமையைக் கட்டுநாயக்காவில் கழற்றி வைத்துவிட்டா வருவது? கைதடி நஃபீல்ட் பாடசாலையிலும் சுன்னாகம் வாழ்வகத்திலும் படித்து வெளியே வரும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் துணை ஏன் கனவாகவே இருக்க வேண்டும்? இத்தனைக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது.

கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும் நாய் துணை. வாசல் மணி அடித்தால், குழந்தை அழுதால், தீ அபாய மணி ஒலித்தால், கேளாத தன் எசமானைக் காலால் தொட்டு அழைத்துச் செல்லும் நாய்கள் பிரித்தானியாவில் 1980களிலிருந்தே பழக்கப்படுகின்றன.

நாய்க்கே காது கேளாவிட்டால்? இதையும் பேசத்தான் வேண்டும். டல்மேசியன் போன்ற வெள்ளை கூடிய நாய்கள் சிலவற்றுக்கு உட்காதில் நிறமிக் கலங்கள் இல்லாததால், பிறந்து மூன்று நான்கு வாரங்களிலேயே கேள்வி போய்விடுகிறது. அமெரிக்காவில் பரிசோதித்த டல்மேசியன்களில் சுமார் 30 வீதமானவற்றுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. அப்படியொரு நாய் எங்கள் ஒழுங்கையில் இருந்தால் "சொல்வழி கேளாத நாய்" என்று அடி வாங்கும். மினிபஸ் ஹோர்ன் அடித்தாலும் விலகாமல் நின்று சாகும். இத்தனைக்கும் அதோடு வாழ்வது பெரிய வித்தை அல்ல. கைச்சைகை பழக்கலாம். நிலத்தில் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பும். தூக்கத்தில் சட்டென்று தொடாமல், முதலில் கையை மோப்பம் பிடிக்க விட வேண்டும். தெருவில் கயிறு இல்லாமல் விடவே கூடாது. கைச்சைகை பழகிய கேளாத நாய் விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்கும், கதவைத் திறக்கும். வயதாகிக் கேள்வி குறைந்த உதவி நாயும் சைகையால் வேலையைத் தொடரலாம்.

எனவே நாயின் இனத்தையோ காதையோ பார்த்து உதவி நாய்க்கு வரைவிலக்கணம் எழுதக் கூடாது. அது செய்யும் வேலையையும் நடத்தையையும் பார்த்தே எழுத வேண்டும். அமெரிக்காவில் வாசலில் நிற்பவர் இரண்டு கேள்விகளே கேட்கலாம்: குறைபாட்டுக்கு உதவும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? நாய் அடங்காமல் போய், எசமானும் அதை அடக்காவிட்டால் வெளியேற்றலாம். இரு பக்கத்துக்கும் நியாயமான விதி இது.

விசர்நாய்க்கடிப் பயம் உண்மையானது. அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் தடுப்பூசி போட்டு, கயிற்றில் கட்டி, இருக்கையின் கீழ் படுத்திருக்கும் நாயிலிருந்து வரும் ஆபத்தல்ல அது. சந்தையடியிலும் பஸ் நிலையத்திலும் கூட்டமாகத் திரியும் கட்டாக்காலி நாய்களே வழிகாட்டி நாய்க்கும் பெரிய ஆபத்து, ஏனெனில் திருப்பிக் கடிக்காதிருக்கவே அது பழக்கப்பட்டிருக்கிறது. கட்டாக்காலிகளுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி போடுவது மாற்றுத்திறனாளிகளின் நடமாட்ட உரிமையோடும் சேர்ந்த வேலை என்பதை நகரசபை உணர வேண்டும்.

கோயில் உள்வீதியைப் பற்றிக் கேட்பார்கள். அதைக் கோயில் சபைகளோடு ஆறுதலாகப் பேசலாம். வைத்தியசாலை, வங்கி, பிரதேச செயலகம், பஸ் ஆகியவற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தின் பொறுப்பு. ஆனால் சந்தையிலும் நூலகத்திலும் உதவி நாய்களுக்கு இடமுண்டு என்று பருத்தித்துறை நகரசபை அடுத்த அமர்விலேயே பிரேரணை நிறைவேற்றலாம். இலங்கை போக்குவரத்துச் சபையின் பருத்தித்துறைச் சாலையும் தனியார் பஸ் சங்கங்களும் நடத்துநர்களுக்கு அதே அறிவுறுத்தலைக் கொடுக்கட்டும்.