டிரங்குப் பெட்டியும் கைப்பேசியும்

கடலூர் முதுநகரில் நமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் அண்மையில் தம் வீட்டைக் காலி செய்தார். சிதம்பரத்தில் மகன் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டுக்கு அவர் செல்ல வேண்டியிருந்தது. கட்டிலும் பீரோவும் வண்டியில் ஏறிவிட்டன. டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் வேலை நின்றுவிட்டது. உள்ளே இன்லண்டு கடிதங்கள், மணியார்டர் துண்டுகள், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகள், புதுநன்மைப் படங்கள், இறந்தோர் நினைவு அட்டைகள், கம்பியில் குத்திய ரசீதுகள்.

"எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்துவிடுகிறேன் அம்மா, காகிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம்" என்றார் மகன்.

"உன் அப்பாவின் கையெழுத்தை எடைக்கா போடுவாய்?" என்றார் தாய்.

உதவிக்குச் சென்றிருந்த நாம் யார் பக்கம் பேசுவதென்று அறியாது நின்றோம். பெட்டியில் வைத்தது எல்லாம் பத்திரமாயிருக்கும் என்று இந்தக் கரையில் வாழ்வோர் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 ஞாயிறன்று கடல் ஊருக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கூரைகளைப் பெயர்த்தது. 2015-இல் வெள்ளம் வந்தது. வெள்ளமே வராவிட்டாலும் கறையான் வரும். தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறையில் கிடந்து, கறையான் அரித்தது போக எஞ்சியவையே இராசராச சோழன் காலத்தில் வெளிவந்தன என்பது சைவ மரபு. ஆகவே மகன் சொன்னதில் நியாயம் உண்டு.

ஆனால் படம் பிடிக்கத் தொடங்கியதும் வேறொன்று புலப்பட்டது. ஒரு திருமணப் புகைப்படத்தில் பதினான்கு பேர் நின்றிருந்தனர். மகனுக்குத் தெரிந்தவர்கள் மூவர். கண்புரை படர்ந்த தாய் படத்தை முகத்தருகே பிடித்து ஒவ்வொருவராகப் பெயரும் உறவும் சொன்னார். கடைசியில் நின்ற பெண்ணை மட்டும் அவராலும் சொல்ல முடியவில்லை. "அக்காவுக்குத் தெரிந்திருக்கும்" என்றார். அந்த அக்கா சென்ற ஆண்டு இறந்துவிட்டார். மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி, தாயின் அருகே தரையில் அமர்ந்தார்.

1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராயிருந்த உ. வே. சாமிநாதையரை நாம் அப்போது எண்ணிக்கொண்டோம். சீவக சிந்தாமணி ஏடு கையில் இருந்தும் பொருள் விளங்காமல், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டறிந்து, 1887-இல் அதை அச்சிட்டவர் அவர். ஏட்டில் எழுத்து இருந்தது. விளக்கமோ மனிதரிடம் இருந்தது. நம் வீட்டுப் பெட்டிகளும் அப்படித்தான்.

படம் பிடிப்போருக்குச் சில சொற்கள். சன்னலோர வெளிச்சமே போதும், பிளாஷ் வேண்டாம். புகைப்படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். தேதியும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி எழுத்து மங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்பியிராதீர்கள். கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று என இரு பிரதிகள் வைத்தாலும் ஒரே புயல் இரண்டையும் தொடும். தொலைவிலுள்ள உறவினரிடம் மூன்றாவது பிரதி இருக்கட்டும்.

நிலப் பத்திரம், கல்விச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலத்தை எறியலாகாது. திருமுழுக்குச் சான்றிதழ் தொலைந்தால் கலங்க வேண்டாம். திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில் அது உள்ளது, திருமணக் குறிப்பும் அதிலேயே சேர்க்கப்படும். மந்திரித்த பழைய குருத்தோலைகளைக் குப்பையில் போடாமல் கோவிலில் கொடுங்கள். சாம்பல் புதனுக்கு ஆகும்.

இரண்டு நாள் ஆயிற்று. ரசீதுகளும் மணியார்டர் துண்டுகளும் எடைக்குப் போயின. கடிதங்களில் மூன்றை மட்டும் தாய் தம் செபப்புத்தகத்தினுள் வைத்துக்கொண்டார். எந்த மூன்று என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. காலிப் பெட்டி இப்போது சிதம்பரத்தில் அரிசி வைக்க உதவுகிறது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் படம் உறவினர் கைப்பேசிகளில் வீடு வீடாகச் சென்றுகொண்டிருக்கிறது.