லொறி வந்தது, யார் பொறுப்பு?

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, எங்கள் தோட்டத்துக்கு முதல் நிவாரண லொறி இரவு ஒன்பது மணிக்கு வந்தது. வந்தவர்கள் வடக்கிலிருந்து வந்த இளைஞர்கள். பாதை உடைந்த இடங்களில் இறங்கிக் கல் அள்ளிப் போட்டு, சுற்றிச் சுற்றி வந்திருந்தார்கள். இரண்டு நாள் தூங்காத முகங்கள். இறங்கியதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இங்க யார் பொறுப்பு?"

எங்களிடம் பதில் இல்லை. துரையின் போன் வேலை செய்யவில்லை. கிராம அலுவலர் வேறு தோட்டத்தில் சிக்கியிருந்தார். ஒரு சங்கத்துத் தலைவர் கோயிலடியில் இறக்கச் சொன்னார். இன்னொரு சங்கத்துத் தலைவர் பாடசாலையில் இறக்கச் சொன்னார். பேச்சு முற்றி, கடைசியில் லொறி நின்ற இடத்திலேயே சாமான் இறங்கியது. அது கீழ்ப்பிரிவு. மறுநாள் வந்த லொறியும் அங்கேயே நின்றது. மேற்பிரிவில் மண் சரிந்து காம்பராக்களை விட்டு ஓடிவந்து பாடசாலையில் படுத்திருந்த சனத்துக்கு மூன்றாம் நாள்தான் அரிசி கிடைத்தது. கீழே சில வீடுகளில் போத்தல் தண்ணீர் பெட்டி பெட்டியாக இருந்தபோது, மேலே கைக்குழந்தைக்குப் பால்மா இல்லை.

வந்த பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் தங்கள் சோற்றில் பங்கு கொண்டுவந்தவர்கள். குறை இங்கே இருந்தது, அதில் எங்களுக்கும் பங்குண்டு. அதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம். அதற்காக வெகுதூரத்து ஊர் ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2005 ஓகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் தெற்குக் கரையை அடித்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரத்தின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து, நகரத்தின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூரை மேல் நின்று கை அசைத்த ஏழைச் சனங்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஹெலிகொப்டருக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லாத நாடு. உதவி செய்ய ஆட்களும் இருந்தார்கள். ஆனால் வந்த ஆளை வேலை இருக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதில் அந்த நாடு ஒரு பக்கம் தடுக்கி விழுந்தது, ஒரு பக்கம் ஓரளவு சமாளித்தது. இரண்டும் ஒரே புயலில் நடந்ததால்தான் அது நமக்குப் பாடமாகிறது.

தடுக்கி விழுந்த கதை முதலில். பல மாநிலங்களிலிருந்து நூற்றுக்கணக்கான தீயணைப்பு வீரர்கள் மத்திய அரசின் அழைப்பை ஏற்று வந்தார்கள். ஆட்களைத் தூக்கிக் காப்பாற்றத்தான் போகிறோம் என்று பலர் மீட்புக் கருவிகளோடு வந்தார்கள். அவர்களை அட்லாண்டா நகரத்தில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். பிறகு சொல்லப்பட்ட வேலை, நிவாரணத்துக்கு அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கம் அச்சடித்த துண்டுப்பிரசுரம் கொடுப்பது. வீடும் போனும் தண்ணீரில் போன சனத்துக்குத் தொலைபேசி இலக்கம்! ஐஸ்கட்டி ஏற்றிய லொறிகளின் கதை இன்னும் மோசம். தெற்கில் வெயிலில் மருந்தும் உணவும் கெட்டுக்கொண்டிருக்க, சில லொறிகள் நாடு முழுக்க அலைக்கழிக்கப்பட்டு, வடக்கே கனடா எல்லையை ஒட்டிய மேய்ன் மாநிலம் வரை போய் நின்றன. ஐஸ் வாங்கக் காசு இருந்தது. எங்கே இறக்குவது என்று சொல்ல ஆள் இல்லை.

சமாளித்த கதைக்குப் பின்னால் ஒரு கடதாசி இருக்கிறது. 1992இல் அன்ட்ரூ என்ற சூறாவளி புளோரிடாவை நாசமாக்கியது. அதன்பிறகு தென்மாநில ஆளுநர்கள் கூடி, ஒரு மாநிலத்துக்கு அழிவு வந்தால் மற்ற மாநிலங்கள் எப்படி ஆள் அனுப்புவது என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். 1996இல் நாடாளுமன்றமும் அதை ஏற்றது. இன்று ஐம்பது மாநிலங்களும் அதில் இருக்கின்றன. கத்ரீனாவின்போது இந்த ஒப்பந்தத்தின் வழியாக மட்டும் ஏறத்தாழ 66,000 பேர் வெளிமாநிலங்களிலிருந்து வந்தார்கள். பெரும்பகுதி படையினர். கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர் தாதிகள், பொலிஸார், தீயணைப்பு வீரர்கள் போன்ற சாதாரண உத்தியோகத்தர்கள். அங்கேயும் குளறுபடிகள் நடந்தன, இல்லையென்று சொல்லவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை எளிமையானது. அடிபட்ட மாநிலத்தின் ஆளுநர் அவசரநிலை அறிவிக்கவேண்டும். பிறகு கேட்கவேண்டும். "உதவி அனுப்புங்கள்" என்று பொதுவாக அல்ல. என்ன வேலை, எத்தனை பேர், என்ன சாமானோடு, எத்தனை நாளைக்கு, எந்த இடத்தில் யாரிடம் வந்து சேரவேண்டும் என்று கேட்கவேண்டும். கொடுக்கக்கூடிய மாநிலம் செலவுக் கணக்கோடு பதில் சொல்லும். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான் ஆள் புறப்படுவார். ஒரு மாநிலத்துத் தாதியின் சான்றிதழ் மற்ற மாநிலத்திலும் செல்லும். வந்தவர் உத்தரவு எடுப்பது அடிபட்ட மாநிலத்திடம். செலவைத் திருப்பிக் கொடுப்பதும் அந்த மாநிலமே.

தொழிற்சங்கத்துக்காரர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு வாசகமும் அதில் உண்டு. உதவிக்குப் போன ஆளுக்கு அங்கே காயம் பட்டாலோ உயிர் போனாலோ, சொந்த மாநிலத்தில் வேலை செய்யும்போது நடந்ததாகவே கருதி, அனுப்பிய மாநிலம் நட்டஈடு கொடுக்கவேண்டும். தொண்டு செய்யப் போனவன்தானே என்று கைகழுவ முடியாது.

நம்மிடம் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். பாதை உடைந்த அன்றிலிருந்து, மருந்து தூக்கியவர்களும், வயதானவர்களைக் கதிரையில் வைத்துச் சுமந்து இறக்கியவர்களும், வெளியிலிருந்து வந்த மீட்புக் குழுக்களுக்கு வழி காட்டியவர்களும் நம் தோட்டத்துப் பொடியன்மார். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் ஏறும், எந்தச் சரிவில் வெடிப்பு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஒரு தம்பிக்குக் காலில் தகரம் வெட்டியது. அந்த நாட்களுக்கு அவர்களில் ஒருவருக்கும் பேர் விழவில்லை. கேட்டபோது, வேலைக்கு வராத நாளுக்கு எப்படிப் பேர் போடுவது என்றார்கள். சரிந்து கிடந்த மண்ணை அள்ளியது வேலை இல்லையாம்.

அழிவு நேரம் வேலைக்காரன் உரிமையில் கைவைக்க வசதியான நேரம். இதுவும் கத்ரீனாவில் நடந்தது. அரசாங்கக் கட்டுமான வேலைகளில் அந்தந்தப் பகுதியில் வழக்கிலுள்ள சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்று அமெரிக்காவில் 1931இலிருந்து ஒரு சட்டம் உண்டு. புயல் அடித்துப் பத்து நாளில், 2005 செப்டெம்பர் 8ஆம் திகதி, ஜனாதிபதி புஷ் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அதை இடைநிறுத்தினார். செலவு குறையுமாம். வீட்டை இழந்தவன் தன் ஊரையே குறைந்த கூலிக்குக் கட்டியெழுப்பவேண்டும். தொழிற்சங்கங்கள் விடவில்லை. ஆளும் கட்சி உறுப்பினர்கள் சிலரும் எதிர்த்தார்கள். இரண்டு மாதத்தில், நவம்பர் 8இல், சட்டம் திரும்பி வந்தது.

அடுத்ததைப் படித்தபோது எங்களுக்கு நம் பாட்டன் பூட்டன் ஞாபகம் வந்தது. கத்ரீனாவில் சேதமான எண்ணெய்க் கிணற்று மேடைகளைத் திருத்த, இந்தியாவிலிருந்து சுமார் 500 ஒட்டுத் தொழிலாளர்களையும் குழாய் பொருத்துநர்களையும் ஒரு நிறுவனம் கொண்டுபோனது. நிரந்தர வதிவிடம் கிடைக்கும் என்று சொல்லி முகவர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் வாங்கினார்கள். காணியை ஈடுவைத்தும் வட்டிக்கு எடுத்தும் போனவர்களை வேலி போட்ட முகாமில், ஒரு கூடாரத்தில் 24 பேர் வரை அடைத்தார்கள். அதற்கு மாதம் ஆயிரம் டொலர் சம்பளத்தில் வெட்டு. கடன், கங்காணி, லயம் எல்லாம் அப்படியே. 2008 மார்ச்சில் மிசிசிப்பி முகாமிலிருந்து அவர்களில் பலர் ஒன்றாக வெளிநடப்புச் செய்தார்கள். 2015இல் ஐந்து பேருக்கு மட்டும் 1 கோடி 40 இலட்சம் டொலர் கொடுக்கவேண்டுமென நியூ ஓர்லியன்ஸ் நீதிமன்றத்தில் ஜூரிகள் தீர்த்தார்கள். நிவாரணத்துக்கு வருபவனைப் பற்றிப் பேசும்போது, புனரமைப்புக்குக் கொண்டுவரப்படுபவனையும் மறக்கக்கூடாது. நம் ஊரிலும் இப்போது பாதை போடவும் சுவர் கட்டவும் கொந்தராத்துக்காரர்கள் வருகிறார்கள். எந்தக் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்துக்கு வருவோம். அமெரிக்க ஒப்பந்தம் ஆளுநர் கேட்பதில் தொடங்குகிறது. தோட்டத்தில் கேட்பது யார்? நிலம் கம்பனியின் கையில். கிராம அலுவலருக்குப் பிரிவு பெரிது. பிரதேச சபை தோட்டத்துக்குள் சேவை செய்யச் சட்டம் வழிவிட்டதே 2018இல்தான். அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் குழுக்கள் அமைக்கும் வழக்கமும் இருக்கிறது. அந்தக் குழுவில் உங்கள் தோட்டத்து ஆள் யார் என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

அடுத்தது பெயர்ப்பட்டியல். எங்கள் தோட்டத்தில் இரண்டாம் கட்ட நிவாரணத்துக்கு ஆபிஸில் கொடுத்த பட்டியல் செக்ரோல். செக்ரோலில் இருப்பது வேலைக்காரர்கள், லயத்தில் இருப்பது குடும்பங்கள். பென்சன் எடுத்த தாத்தா, கொழும்புக் கடையில் நிற்கும் மகன் விட்டுப்போன மருமகளும் பேரப்பிள்ளைகளும், வெளியே கூலிக்குப் போகிறவர்கள், இவர்கள் ஒருவரும் அதில் இல்லை. நாற்பது வருஷம் கொழுந்து பறித்த ஒரு அம்மா வரிசையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்து எங்களிடம் கேட்டார், "செக்ரோல்ல பேர் இல்லாட்டி பசியும் இல்லையா சேர்?"

பட்டியல் சோற்றுக்கு மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, காணாமற்போனவர்கள் எத்தனை பேர் என்பதே நாளுக்கொரு கணக்காக இருந்தது. நூற்றுக்கணக்கில் ஏறிய எண்ணிக்கை பிறகு குறைந்தது. எந்தக் காம்பராவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாமல் மண்வெட்டியோடு வருகிறவன் எங்கே தோண்டுவான்?

ஆகவே எங்கள் கருத்து இது. ஒவ்வொரு பிரிவிலும் மூன்று பேரைத் தொழிலாளர்களே தெரிவுசெய்து வைக்கவேண்டும். அதில் ஒரு பெண் கட்டாயம். ஒருவருக்குச் சிங்களம் சரளமாகப் பேச வரவேண்டும். எங்களுக்கு வந்த மீட்புக் குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுதான் அன்று முழுக்க மொழிபெயர்த்தது. லயம் லயமாக, காம்பரா காம்பராவாக ஒரு கொப்பி எழுதவேண்டும். யார் இருக்கிறார்கள், கர்ப்பிணி யார், இன்சுலின் போடுபவர் யார், நடக்க முடியாதவர் யார் என்று அதில் இருக்கட்டும். எந்தப் பாலம் வரை லொறி வரும், அதன் பிறகு ட்ரக்டரா தலைச்சுமையா என்பதும், மழையில் வழுக்காத இறக்குமிடமும் எழுதப்படட்டும். வேண்டாத சாமானையும் எழுதுங்கள். பழைய துணி மூட்டை போதும், போதும்! கொப்பியின் ஒரு பிரதி பிரதேச செயலகத்தில் பதிவாகி, இந்த மூவர்தான் தோட்டத்தின் சார்பில் கேட்பவர்கள், பெறுபவர்கள் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்படவேண்டும்.

சங்கத்து ஆட்களாக இருந்துகொண்டு இதைச் சொல்வது எங்களுக்கே கொஞ்சம் கசப்புத்தான். அந்த மூவர் எந்தச் சங்கமாகவும் இருக்கலாம். லொறிக்கு முன்னால் பேனர் பிடிக்கும் வேலை இதில் கிடையாது. அன்றிரவு இரண்டு தலைவர்கள் கோயிலா பாடசாலையா என்று வாதாடியதில் ஒருவர் நம் சங்கம்.

கம்பனியிடம் கேட்பது வேறு. அனர்த்த நாட்களில் மீட்பிலும் வழிகாட்டலிலும் நின்றவர்களுக்கு முழுப்பேர் போடவேண்டும். காயம் பட்டால் வேலை நேரக் காயமாகக் கருதவேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இந்த இரண்டையும் எழுத்தில் வைக்கும்படி மாவட்டக் கமிட்டிக்கு எழுதியிருக்கிறோம். காலில் வெட்டுப்பட்ட தம்பிக்கு விழாத பதினொரு பேரையும் கணக்கோடு சேர்த்துத்தான் எழுதியிருக்கிறோம்.

கொப்பி வேலை எங்கள் தோட்டத்தில் தொடங்கிவிட்டது. பிரட்டு முடிந்து அரைமணி நேரம், பிள்ளைக் காம்பரா ஆயாவும் இரண்டு சங்கத்து மாதர் தலைவிகளும் சேர்ந்து எழுதுகிறார்கள். மேற்பிரிவு முடிந்தது. கீழ்ப்பிரிவில் மூன்றாம் லயத்து விவரம் மட்டும் இன்னும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை கொழுந்து மடுவத்துக்கு அடையாள அட்டைகளோடு வரச் சொல்லியிருக்கிறோம்.