கீழே போடும் எண்

‘ஹார்வர்டில் நுழைவதைவிட ஐ.ஐ.டி-யில் நுழைவது கஷ்டம்!’ இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருப்பீர்கள். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வசதியான வாக்கியம்தான். ஆனால், இரண்டையும் ஒப்பிடும் அந்தச் சதவிகிதக் கணக்கு இருக்கிறதே, அது சுத்த ஏமாற்று.

2024-ல் ஐ.ஐ.டி-க்களில் மொத்த இடங்கள் 17,740. ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் சுமார் 14 லட்சம். வகுத்தால் ஒண்ணேகால் சதவிகிதம். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மெயின் என்பது என்.ஐ.டி-களுக்கும் சேர்த்துத்தான். அதைத் தாண்டி அட்வான்ஸ்டு எழுதியவர்கள் 1,80,200 பேர். இப்போது வகுங்கள். கிட்டத்தட்ட பத்து சதவிகிதம்! அதே வருஷம், அதே இடங்கள். கீழே போடும் எண் மட்டும்தான் மாறியது.

ஹார்வர்டுக்கு வாருங்கள். 2020-ல் சேர 40,248 பேர் விண்ணப்பித்தார்கள். 1,980 பேருக்கு இடம். 4.9 சதவிகிதம். அடுத்த வருஷம் விண்ணப்பம் 57,435. சதவிகிதம் 3.4 ஆனது. ஒரே வருஷத்தில் ஹார்வர்டு அவ்வளவு உயர்ந்துவிட்டதா? இல்லை சார். கொரோனாவால் எஸ்.ஏ.டி. மதிப்பெண் கட்டாயமில்லை என்றார்கள். ‘போட்டுத்தான் பார்ப்போமே’ என்று கூட்டம் கூடிவிட்டது. 2024-ல் மறுபடி கட்டாயம் என்று அறிவித்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த வாசலும் எல்லோருக்கும் ஒரே அகலம் இல்லை. 2018-ல் பாஸ்டன் கோர்ட்டில் நடந்த வழக்கு விசாரணையில் வெளிவந்த கணக்கு இது: ஹார்வர்டில் படித்தவர்களின் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடம். மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குக்கூட இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் சுமார் ஏழு பேரில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது. அப்படியென்றால் ஆக்ஸ்ஃபோர்டு சுலபமா? அங்கே ஒரு மாணவர் ஐந்து இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். ஒரே வருஷத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போட முடியாது. அதனால் தேறாது என்று தெரிந்தவர் வரிசையிலேயே நிற்பதில்லை.

பி.காம். படித்த என் புத்திக்கு இதில் ஷேர் மார்க்கெட்தான் தெரிகிறது. 2008-ல் ரிலையன்ஸ் பவர் பங்குக்கு எழுபது மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. சந்தைக்கு வந்த முதல் நாளே விலை விழுந்தது. வரிசையின் நீளம் சரக்கின் தரத்தைச் சொல்லாது.

அமெரிக்கர்களுக்கே இது உறைத்துவிட்டது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு இந்தச் சதவிகிதத்தை அறிவிப்பதையே நிறுத்தியது. யு.எஸ். நியூஸ் பத்திரிகையும் தன் தரவரிசைக் கணக்கிலிருந்து அதே வருஷம் இதைத் தூக்கியது. நாம்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். காரணம், இந்த எண் நன்றாக விற்கும். ‘நூற்றுக்கு ஒருத்தர்தான்’ என்று பயமுறுத்தினால்தானே ஆறாம் வகுப்பிலேயே கோச்சிங்குக்குப் பணம் கட்டுவீர்கள்?

கட்டிய பணம் போகட்டும். இடம் கிடைக்காத பிள்ளையைப் பற்றி யோசியுங்கள். 17,740 இடங்கள் என்பது அரசாங்கம் போட்ட பெஞ்சுகளின் எண்ணிக்கை. 17,741-வதாக நின்ற பையன் மக்கு இல்லை. அவனுக்கு பெஞ்ச் இல்லை, அவ்வளவுதான். ‘இடம் இல்லை’ என்பதை ‘தகுதி இல்லை’ என்று அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது யார்? நாம்தான்.

அடுத்த முறை யாராவது சதவிகிதம் சொன்னால், கீழே என்ன எண்ணைப் போட்டீர்கள் என்று கேளுங்கள். அப்புறம், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உள்ளே யார் பாடம் நடத்துகிறார்கள்? ஃபீஸ் எவ்வளவு? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படித்து முடிக்கிறார்கள்?